மேற்படி நபர்

ஸ்பூன் காம்பை அடியில் கொடுத்து நெம்பியதும் கீபோர்டின் விசை ஒன்று டக்கென்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. தம்பி அதைத் தேடக் குனியவில்லை. அடுத்த விசைக்கு அடியில் காம்பைச் செருகினான்.

“இன்னும் எதுக்கு அதப் போட்டு நோண்டிட்டிருக்கீங்க?” அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தோளில் ஈரத் துண்டு கிடந்தது.

“அண்ணன் விரல் பக்கத்துல இருக்கறதுல போய் இடிக்குது அண்ணி. இது ரெண்டையும் எடுத்துட்டா தடங்கல் இருக்காது.”

கட்டிலில் அண்ணன் மூச்சு விடுவதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறின. படுத்த இடத்திலேயே யாரோ அவரை மூட்டை சுமக்க வைத்திருப்பதுபோல் இருந்தது.

காலையில் அண்ணி ஃபோன் செய்தபோது தம்பி ஒரு தையல் மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஆயத்த ஆடை ஃபேக்டரியில் அவன் மெக்கானிக். வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தைக்கும் கூடத்தில் ஊசி ஒடிந்தாலும் தையல் கோணினாலும் அவன் பெயரைத்தான் ஏலம் போடுவார்கள். சரிபண்ண முடியாத மெஷின் கிடையாது, பொறுமை இல்லாத மெக்கானிக்தான் உண்டு என்பான். அந்தப் பெண்களுக்கு அது மனப்பாடம். அவன் வாயைத் திறக்குமுன்னே அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

“மூச்சு மாறிடுச்சு. டாக்டரம்மா மத்தியானத்துக்குள்ள வர்றாங்களாம்,” என்றாள் அண்ணி. தம்பி நகக்கண்ணில் எண்ணெயோடு அப்படியே ஓடி வந்திருந்தான்.

வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் பேசினான். கட்டில் உண்டு, மெஷின் உண்டு, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிட்டால் மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ளும். பிறகு வருஷக்கணக்கில்கூட ஓட்டலாம். இதை அவன் முன்பே விசாரித்து வைத்திருந்தான். அண்ணனுக்கு இரண்டு சட்டை, போர்வை, ரிப்போர்ட் எல்லாவற்றையும் பையில் அடைத்து வாசலில் வைத்தான். அண்ணி பையைப் பார்த்தாள், தாண்டிப் போனாள், வந்தாள்.

அண்ணன் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, தீர்ப்பு என்று எது வந்தாலும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றி முத்திரை குத்திக் கொடுப்பார். ஆள்தான் மாறும், வாக்கியம் மாறாது. வாழ்நாள் முழுக்க ஒரே வாக்கியத்தை அடிக்க முடியாது என்று, தன் பழைய கம்ப்யூட்டரின் எழுத்து மென்பொருளில் விசைகளையெல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டார். அந்த மென்பொருளில் அந்த வசதி இருந்தது. எந்த விசைக்குள்ளும் எதையும் அடைத்துவைக்கலாம். ஒன்றை அழுத்தினால் ‘மேற்படி நபர்’ என்று விழும். இன்னொன்றை அழுத்தினால் ‘என இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது’ என்று முழு வாலும் வந்து சேரும். அழிக்கும் விசையை மட்டும் இடது பக்க மேல் மூலைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

“அழிக்கிறதுக்குக் கை கொஞ்சம் தூரம் போகட்டும்டா. போறதுக்குள்ள யோசிச்சுக்கலாம்.”

கோர்ட்டுப் பக்கம் அவருக்குப் பெயரே மேற்படி என்றாகிவிட்டது. “மேற்படி வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர் லீவ் லெட்டர் அடிக்க அந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். தன் பெயரை அடித்துவிட்டு ஏதோ ஒரு விசையில் கை வைத்தார். ‘மேற்படி நபர் இறந்துவிட்டார் என இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது’ என்று வந்தது. எழுந்து போனவர்தான், அப்புறம் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

புதுசு வாங்கிக்கொள்ளேன் என்று தம்பி பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறான். “புதுசுல எல்லாத்துக்கும் மவுஸ்னு ஒரு எலியைப் பிடிக்கச் சொல்றான். நான் எழுத வந்தவனா, எலி பிடிக்க வந்தவனா?” என்பார் அண்ணன்.

நரம்பு நோய் முதலில் நாக்கைத்தான் பிடித்தது. வார்த்தை குழறிற்று, பிறகு வெறும் சத்தமாயிற்று, பிறகு அதுவும் நின்றது. கை அப்போது நன்றாக இருந்தது. எழுதிக் காட்டினார். கை தளர ஆரம்பித்ததும், கோர்ட்டு வாக்கியங்களை எடுத்துவிட்டு வீட்டு வாக்கியங்களை விசைகளில் போடச் சொன்னார். மென்பொருளோடு வந்த தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தம்பிதான் போட்டான். ஆனால் வாக்கியங்கள் அண்ணனுடையவை. ‘மேற்படி நபர் தாகத்தால் வருந்துகிறார்.’ ‘மேற்படி நபருக்கு மேற்படி இடத்தில் அரிக்கிறது.’ பகலெல்லாம் நாற்காலியை இழுக்கும் மாடி வீட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு விசை: ‘மாடி வீட்டார் நாசமாய்ப் போகக் கடவர்.’

“மேற்படி இடம் எதுன்னு சொல்லித் தொலைங்களேன்,” என்று அண்ணி முதுகெல்லாம் தேடுவாள். அண்ணனுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிடும்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் போகப் போக தம்பி வந்து விசைகளை மாற்றினான். இந்த மூலையில் இருந்தது அந்த மூலைக்குப் போயிற்று, நீள வாக்கியம் குட்டையாயிற்று. ஒரு விரல் படுத்துவிட்டால் மறு ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் அடுத்த விரலுக்கு வழி பண்ணிவிடுவான். அதில் அவனுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. வேடிக்கை வாக்கியங்கள்தான் முதலில் போயின. மாடி வீட்டாருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணன் அதைக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். தம்பி டீ குடித்து முடித்துவிட்டான், வரி முடியவில்லை. முடிந்தபோது திரையில் இருந்தது: ‘இன்னொரு விசை வேண்டும். போதும் என்று.’

“எதுக்கு, சாப்பாட்டுக்கா? அதுக்குத்தான் வாய இறுக்கி மூடிக்கிறியே.”

அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடியும் தட்டினார். ‘சாப்பாட்டுக்கு இல்லை.’

தம்பி திரையைப் பார்த்தான், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். “இடமில்லண்ணா,” என்றான். “உன் விரல் எட்டற தூரத்துல எல்லாத்துலயும் ஆளிருக்கு. எத எடுக்கறது? தண்ணியவா? அப்புறம் பாக்கலாம்.”

அப்புறம் பார்க்கவில்லை. அண்ணனும் மறுபடி கேட்கவில்லை. அண்ணி அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அந்தக் கை ஒருநாளும் தடுமாறியதில்லை. அன்றும் தடுமாறவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

கடைசியில் வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் பக்கவாட்டில் மட்டும் நகரும், லேசாக அழுத்தும். அதன் பாதையில் நான்கு விசைகள் வைத்தான் தம்பி. ‘தாகம்.’ ‘திருப்பு.’ அண்ணிக்கு ‘வா.’ கடைசியாக, ‘தம்பியைக் கூப்பிடு.’ அந்த நான்காவது விழும்போதெல்லாம் அண்ணி ஃபேக்டரிக்கு ஃபோன் செய்வாள். சூப்பர்வைசர் கூடத்தின் மறுகோடியிலிருந்தே, “மேற்படி கூப்பிடறாராம்!” என்று கத்துவார். அவன் வேலை முடிந்து நேரே இங்கே வருவான். பெரும்பாலும் ஒரு காரணமும் இருக்காது. இருவரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

கொஞ்ச நாளாக ஃபோன் வரவில்லை. ஏற்றுமதி ஆர்டர் என்று ஃபேக்டரியில் ஓவர்டைம். அவனுக்கும் மூச்சு விட நேரமில்லை. கூப்பிடாததால் அங்கே எல்லாம் சுமாராக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாதி நேரம் அண்ணன் தூக்கத்தில் இருந்தார். அல்லது தூக்கம் என்று அவன் நினைத்தான்.

இப்போது இரண்டு விசைகளையும் பிடுங்கியாகிவிட்டது. பல் விழுந்த வாய்போல இருந்த கீபோர்டைத் துணியால் துடைத்து, அண்ணனின் வலது கைக்கு அடியில் பலகை கொடுத்து வைத்தான். ஆள்காட்டி விரலை எடுத்து முதல் விசையின் மேல் பொருத்தினான். விரல் ஜில்லென்றிருந்தது.

“இப்பப் பாரு. வழுக்கிட்டு போகும். டாக்டரம்மா வந்து கேட்டா பதில் சொல்லணும்ல? ஆஸ்பத்திரில எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். உனக்கு ஒண்ணும் ஆகாது.”

ஸ்டூல் மேல் நீலத் திரை வெறுமையாக மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் கண் திரைக்குப் போயிற்று, தம்பியிடம் வந்தது. விரல் அசைந்தது. தாகத்தைத் தாண்டியது. திருப்பு, அதையும் தாண்டியது. ‘வா’வின் மேல் நின்று இளைப்பாறிற்று. பிறகு இன்னும் நகர்ந்து கடைசி விசைக்குப் போய்ச் சேர்ந்தது. அது தன்னுடைய விசை என்று தெரிந்ததும் தம்பி கட்டிலை ஒட்டிக் குனிந்தான்.

“இங்கதாண்ணா இருக்கேன். பக்கத்துலயே இருக்கேன், எதுக்குக் கூப்பிடற?”

விரல் அழுந்தியது. திரையில் விழுந்தது: ‘போதும்.’

தம்பிக்கு முதலில் புரியவில்லை. ஏதோ கோளாறு என்றே நினைத்தான். ஸ்பூனால் நெம்பியதில் அடியில் ஏதாவது பிசகியிருக்கும். அண்ணனின் விரலை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தானே அந்த விசையை அழுத்திப் பார்த்தான். ‘போதும்.’ இன்னொருமுறை அழுத்தினான். ‘போதும்.’ ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நின்றன, பாதிக்குமேல் அவனே அடித்தவை.

கையை இடது மேல் மூலைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அழித்தான்.

அண்ணனின் விரல் திரும்பவும் விசையின் மேல் ஏறியது. ‘போதும்.’

அழித்தான். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் அழித்தான்.

“நான்தான் போட்டேன்.” அண்ணி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். “புத்தகத்தப் பாத்துப் போட்டேன். முதல்ல எல்லாமே அழிஞ்சு போச்சு. திரும்பப் போட்டேன்.”

“எப்போ?”

“நீங்க ஓவர்டைம் பாத்துட்டிருந்தப்போ.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை...”

“உங்ககிட்டதான் முதல்ல கேட்டார், தம்பி.”

விரல் மூன்றாம் முறை நகர்ந்தது. விசையின் மேல் ஏறவும் செய்தது. ஆனால் அழுத்த வலு இல்லை. நகம் மட்டும் விசையில் பட்டுப் பட்டு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. திரை வெறும் நீலமாகவே இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. அண்ணி போய்க் கதவைத் திறந்தாள்.

டாக்டரம்மா வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்ப்பவர். செருப்பைக் கழற்றும்போதே அண்ணியிடம் நிலைமையைக் கேட்டுக்கொண்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், நகத்தின் நீலத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

“தள்ளிப்போட முடியாது,” என்றார். “கூட்டிட்டுப் போறதுன்னா இப்பவே கிளம்பணும். தொண்டைல குழாய் போடுவாங்க. அதுக்கப்புறம் மெஷின்தான், எடுக்க முடியாது. இல்ல, இங்கேயே இருக்கட்டும்னா மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து குடுக்கறேன். நான் இருக்கேன். அவர் என்ன சொல்றார்? போன தடவை எதையோ அழுத்திக் காட்டறார்னு சொன்னீங்களே.”

மூவரும் திரையைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது.

அண்ணி சொல்லியிருக்கலாம். சொல்வாள் என்று தம்பி எதிர்பார்த்தான். சொன்னால் மறுத்துப் பேச நெஞ்சுக்குள் வார்த்தைகூடத் தயாராக இருந்தது: விரல் தவறி விழுந்தது, அவருக்கு நினைவு சரியில்லை, வண்டி கூப்பிடுங்க. ஆனால் அவள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. வாடிக்கையாளரிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, படித்துப் பாருங்கள், சரியா என்று காத்திருப்பாரே, அப்படிப் பார்த்தார்.

“போதும்னு சொல்றார்,” என்றான் தம்பி.

டாக்டரம்மா பக்கம் திரும்பி மறுபடி சொன்னான். “போதும்ங்கறார் டாக்டர்.”

“அவர் சொல்றாரா, நீங்க சொல்றீங்களா?”

“அவர்தான்.”

டாக்டரம்மா குனிந்து அண்ணனின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனார். “உங்க தம்பி சொல்றது சரியா? சரின்னா கண்ண மூடித் திறங்க.”

அண்ணன் கண்ணை மூடினார். உடனே திறக்கவில்லை. அவ்வளவுதானோ என்று எல்லாரும் நினைக்கும்வரை மூடியே வைத்திருந்து, பிறகு திறந்தார்.

மருந்து போட்டபின் தோள்கள் அடங்கின. மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. டாக்டரம்மா கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணி பஞ்சை நனைத்து அவ்வப்போது உதட்டில் ஒற்றினாள். மாடி வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணனின் இமை லேசாக அசைந்ததுபோல் தம்பிக்குத் தோன்றியது.

“நாசமாய்ப் போகக் கடவர்,” என்றான், அவர் காதருகே குனிந்து.

பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. என்னவென்று இல்லாமல் பேசினான். ஃபேக்டரியில் ஒரு மெஷின் காலர் தைக்கும்போது மட்டும் கோணிக்கொண்டு போகிறது, காலையிலிருந்து தலைகீழாக நின்று பார்த்தாகிவிட்டது, பெல்ட்டை மாற்றியாகிவிட்டது, ஊசி மாற்றியாகிவிட்டது, தைக்கிற பெண் சொல்கிறாள் மெஷினுக்கே என்னைப் பிடிக்கவில்லையாம், நாளைக்குப் போய் அடித்தட்டைக் கழற்றி...

அண்ணி அவன் கையைத் தொட்டாள். “அவர் கேக்கல, தம்பி.”

பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதட்டில் அவள் ஒற்றிய ஈரம் இன்னும் காயவில்லை.

டாக்டரம்மா உள்ளே வந்து, பார்த்து, மணியைக் குறித்துக்கொண்டு, அண்ணியின் தோளைப் பற்றி ஏதோ சொன்னார். தம்பி எழுந்து பலகையையும் கீபோர்டையும் கட்டிலிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசலில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவிழ்த்தான். மேலே இருந்த சட்டையை அண்ணி வாங்கிக்கொண்டாள்.

இருவருமாகச் சட்டையை மாற்றினார்கள். கை கனத்தது. அவன் தோளைத் தூக்கிப் பிடிக்க, அவள் கையை நுழைத்தாள். பல மாதமாகச் செய்து பழகிய வேலை, அவசரமும் இல்லை இன்று.

“எதுக்கு அண்ணி என்னோட விசைய எடுத்தீங்க?” என்றான் அவன். அவளைப் பார்க்காமல்தான் கேட்டான்.

அவள் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். “நான் தண்ணிய எடுத்துடலாம்னுதான் சொன்னேன். வாய் காஞ்சா எனக்கே தெரியும். அவர் கேக்கல.”

“என்ன சொன்னார்?”

“நான் எழுத்தெழுத்தா சொல்லச் சொல்ல, கண்ண மூடித் திறந்து ‘அவன் கூப்பிடாமலே வருவான்’னு எழுத வெச்சார். அத எழுதி முடிக்க ஒரு சாயங்காலமாச்சு.”

அவள் சொன்னது நிஜமா, தனக்காகச் சொல்கிறாளா என்று பார்க்க நிமிர்ந்தான். அவள் கழுத்துப் பொத்தானில் இருந்தாள். போட்டாலும் பொருந்தி நிற்குமளவுக்குக் கழுத்தில் சதை இல்லை. திறந்தே விட்டுவிட்டு, காலரை மட்டும் இருபுறமும் இழுத்து நேர் செய்தாள்.

பொழுது சாய்வதற்குள் அமரர் ஊர்தி வந்துவிட்டது. மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. வந்த இரண்டு ஆட்களும் படிக்கட்டின் வளைவை எட்டிப் பார்த்துவிட்டு, சமாளிக்கலாம் என்றார்கள். “முன்னால ஒருத்தர் போங்க சார். வழில ஒண்ணும் இல்லாம பாத்துக்கங்க.”

தம்பி முன்னால் இறங்கினான்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்புகள் கிடந்தன. அவசரத்தில் கழற்றிப் போட்டவை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தவை. ஸ்ட்ரெச்சரைத் திருப்பும் ஆள் பின்பக்கமாக இறங்க வேண்டியிருந்தது. கால் இடறினால் முடிந்தது. தம்பி குனிந்து குனிந்து அவற்றைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டே போனான். முதல் மாடியில் ஒரு வீட்டின் முன் சின்னப் பிள்ளையின் ஷூ இருந்தது. கை பட்டு ஒன்று உருண்டு இரண்டு படி கீழே போய் விழுந்தது.

“சார்,” என்றான் மேலே இருந்தவன், கனத்தைத் தொடையில் தாங்கிக்கொண்டு.

“ஒரு நிமிஷம்.”

தம்பி இறங்கிப் போய் அதை எடுத்தான். நாடா அவிழ்ந்திருந்தது. நாடாவை உள்ளே மடித்துவிட்டு, மேலே ஏறி வந்து, மற்றதன் பக்கத்தில் ஜோடியாக, குதிகால் சுவரில் படும்படி வைத்தான். ஒன்று லேசாகக் கோணியிருந்தது. அதைத் திருப்பி வைத்தான்.

“ம், வாங்க,” என்றான்.